வட்டத்துக்குள் நாற்பத்தொன்று

கோர்ட்டுக்கு எதிர்ப்பக்கம் என்னுடைய டைப்படிக்கும் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நகல் எடுக்கும் மெஷின், ஒரு பெஞ்சு. முதல் இரண்டும் மாதத்துக்கு ஒரு முறை மக்கர் பண்ணும். அந்த பெஞ்சுக்குத்தான் இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள்கூட ஓய்வில்லை. புருஷனை விட்டு விலக நினைக்கிற பெண்கள் முதலில் வந்து உட்காருவது வக்கீல் ஆபீசில் இல்லை, அந்த பெஞ்சில்தான். வக்கீலிடம் போய்விட்டால் கேஸ் என்றாகிவிடுமே என்ற பயம். டைப்படிக்கிறவளிடம் என்றால் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

நானும் சொன்னதையே சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனவள். பிள்ளையோட பள்ளிக்கூடச் சான்றிதழை முதலில் கையில எடு, அழுகையை அப்புறம் வச்சுக்கலாம். நகல் எடுத்ததை அந்த வீட்டிலேயே கொண்டுபோய் வைக்காதே. கோர்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வராதே, மயங்கி விழுந்தா நடிக்கிறான்னு எழுதுவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இவ்வளவுதான் என் படிப்பு. நான் சமூக சேவகியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கேஸ் ஏழு வருஷம் நடந்தது. சாப்பிட்டுவிட்டு வா என்று அப்போது எனக்குச் சொல்ல ஒரு நாதியில்லை, அந்த வயிற்றெரிச்சல்தான் இப்படிப் பேச வைக்கிறது.

மடிப்பு என் கடைக்கு வந்தது நல்ல மழை நாளில். அது அவள் பெயரில்லை, எங்கள் தெரு வைத்த பெயர். பின்தெரு லாண்டரியில் பதினான்கு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். கையில் எது கிடைத்தாலும் நீவி, ஓரம் சேர்த்து மடித்துவிடுவாள். அன்றைக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த ஒருத்தியின் கைக்குட்டையை வாங்கி, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அழுதவள் அழுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா, என்ன விஷயம்?" என்றேன்.

"வீட்டை விட்டு வந்துட்டேன்க்கா. நாலு நாளாச்சு. உங்க வீட்டுக்குக் கீழ் வீடுதான் எங்க அண்ணன் வீடு. அங்கதான் இருக்கேன்."

"அடிச்சானா?"

"இல்ல."

"குடியா?"

"இல்லக்கா. அதையெல்லாம் தொட மாட்டாரு."

"வேற எவளாவது?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பின்னால் எட்டுப் பேர் குடையிலிருந்து சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். "பின்ன என்னதாம்மா பண்ணான்?"

"பேசல."

"என்னது?"

"பேசலக்கா. ரெண்டு வருஷமா."

புருஷன் பஸ் டிரைவர். ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், அவன் கூட வேலை செய்கிறவர்கள் எதிரில், 'உங்களுக்கு வழி தெரியாது, யாரையாவது கேளுங்க' என்று இவள் சொல்லிவிட்டாளாம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். டிரைவரைப் பார்த்து வழி தெரியாது என்று சொல்லலாமா? அன்றைக்கு மூடிய வாய்.

"குழந்தைகிட்டதான் சொல்வாருக்கா. 'அம்மாகிட்ட சொல்லு, காலைல அஞ்சு மணி டியூட்டி.' நான் அங்கயேதான் நிப்பேன். அடுப்புக்கும் அவருக்கும் நாலடி இருக்காது. அவ என் பக்கம் திரும்பி, 'அம்மா, அப்பாவுக்குக் காலைல அஞ்சு மணி டியூட்டியாம்'னு சொல்லணும். நானும் அவகிட்டயே சொல்லி அனுப்புவேன். அவ மாமா அவளைத் தபால்னுதான் கூப்பிடறாரு."

"சரி, ரெண்டு வருஷம் பொறுத்தே. இப்ப என்ன வந்துச்சு?"

அவள் என் மேஜையில் சுருண்டு கிடந்த ஒரு தாளை எடுத்து நீவ ஆரம்பித்தாள். "போன வாரம் அவளுக்குக் காய்ச்சல்க்கா. மூணு நாள் படுத்துட்டா. வீட்டுல ஒரு சத்தம் இல்ல. தட்டு வைக்கிற சத்தம், கதவு சாத்துற சத்தம், அவ்வளவுதான். இந்த வீட்டுப் பேச்சே இவ ஒருத்திதான்னு அப்பதான் எனக்கு உறைச்சுது. மூணாவது நாள் கண்ணைத் திறந்தா. தண்ணி கேப்பான்னு பார்த்தேன். 'அப்பா ஏதாவது சொல்லச் சொன்னாரா?'ன்னு கேட்டா. பதினோரு வயசுக்கா அவளுக்கு."

 அடி என்றால் காட்டலாம், தழும்பு இருக்கும். பேசாததை எந்தக் கோர்ட்டில் போய்க் காட்டுவது? இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் பெண் இருக்கிறாள், சின்ன வயது, கெட்டிக்காரி. அவளிடம் அனுப்பினேன். அவளும் ஒரே வழிதான் சொன்னாள். முழுசாக ஒரு வருஷம் இரண்டு பேரும் தனித்தனியாக இருக்க வேண்டும். அதைக் காரணமாகக் காட்டி மனுப் போடலாம். நடுவில் ஒட்டு உறவு இருந்தது என்று ஆகிவிட்டால் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

"ஒரு வருஷந்தானே," என்றாள் மடிப்பு. நாள் போவது பெரிய விஷயமில்லை என்பதுபோலச் சொன்னாள். அண்ணன் வீட்டில் இருக்கிற அறைகள் இரண்டு என்பதை அவள் அப்போது நினைக்கவில்லை போலிருக்கிறது.

அந்த வருஷம் எப்படிப் போனது என்பதை மாடியிலிருந்து நான் பார்த்தேன். அண்ணன் கிடங்கில் மூட்டை ஏற்றும் வேலை, மாறி மாறி ஷிப்டு. அண்ணி பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இவளும் மகளும் ஹாலில் படுப்பார்கள். அண்ணன் ஷிப்டு முடிந்து வந்தால் இவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். காலையில் கக்கூசுக்கு வரிசை. நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு ஆறரைக்கு லாண்டரிக்கு ஓடுவாள்.

லாண்டரியை ஒரு தரம் உள்ளே போய்ப் பார்த்தால் அதற்குப் பிறகு சட்டையைக் கழற்றி வீச மனசு வராது. முன்னால் கவுன்டர், நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் எல்லா வேலையும். அந்த வருஷம் மழை விட்டபாடில்லை. ஊர்த் துணி மொத்தமும் அங்கே வந்து சேர்ந்தது. ஆவி இஸ்திரியின் குழாய் மேலிருந்து தொங்கும். கால் கட்டையை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி. ஒரு நாளைக்கு முந்நூறு உருப்படி. சட்டை வந்தால் தண்ணீரில் போடும் முன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும், பேனா இருந்தால் மொத்தத் துணியும் நாசம். துவைத்துக் காய்ந்ததும் இஸ்திரி: காலர், தோள், கை, கடைசியில் உடம்பு. சாயங்காலம் மடிப்பின் கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் ஊற்றிக் காலை உள்ளே விட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள்.

அங்கே எல்லாத் துணிக்கும் குறி உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு எண். காலரின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுவார்கள். வேலை செய்கிறவர்களின் வீட்டு எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். வட்டம் போட்ட துணிக்குக் கட்டணமும் இல்லை, ரசீதும் இல்லை. வேலைக்கு வரும்போது மூட்டையைத் தாங்களே கொண்டுவந்து தாங்களே எடுத்துப்போவார்கள். மடிப்பின் வீட்டு எண் நாற்பத்தொன்று. வட்டத்துக்குள் நாற்பத்தொன்று.

வருஷம் முடிந்தது. மனுவை நான்தான் டைப்படித்தேன். அன்றைக்குக் கடையில் கால் வைக்க இடமில்லை. விவாகரத்து மனு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு. பாதி வரிகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒரு பட்டனைத் தட்டினால் தானாக வந்து விழும். அப்படி விழுந்த வரிதான் இது: 'மேற்படி தேதி முதல் இன்றுவரை மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் இடையே நேரிலோ, கடிதம் மூலமாகவோ, தொலைபேசி மூலமாகவோ, வேறு எந்த வகையிலோ யாதொரு தொடர்பும் கிடையாது.' கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். அவளுக்கும் படித்தேன். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி படித்தேன். 'ம்' என்றாள். போட்டுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து எதிர்மனு வந்தது. வக்கீல் பெண் அதைக் கையில் வைத்துக்கொண்டே தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தாள். கூடவே ஒரு கற்றை ரசீது நகல். எல்லாம் லாண்டரி ரசீது. நாற்பத்தெட்டு இருந்தது. கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் எண் நாற்பத்தொன்று, சுற்றி வட்டம்.

'என் மனைவி என் உடைகளை வாரந்தோறும் தன் கையால் சலவை செய்து, தேய்த்துத் தந்து மனைவிக்குரிய கடமையைத் தவறாது செய்துவருகிறாள். எங்களுக்குள் பிரிவு என்பதே இல்லை. தொடர்பு இல்லை என்று அவள் பிரமாணம் செய்திருப்பது பொய்.'

 பொய் என்று அவன் விரல் வைத்த வரி என் வரி.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. ஹாலில் குறுக்கே கட்டிய கயிற்றில் காயாத துணி. அண்ணி ரொட்டியில் முட்டை வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடிப்பு தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் தபால் மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மடிப்பு கையை நிறுத்தவில்லை.

"உனக்குத் தெரியாமத்தானே நடந்துச்சு?" என்றேன். "முந்நூறு துணியில எது யாருதுன்னு பாக்க முடியுமா? தெரியாதுதானே?"

"முத வாரம் தெரியாது."

"அப்புறம்?"

"தெரியும்க்கா."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "தெரியுமா? தெரிஞ்சே தேய்ச்சியா? நாப்பத்தெட்டு வாரமா?"

"மேஜைக்கு வந்துச்சு அண்ணி. தேய்ச்சேன்."

"மேஜைக்கு வந்தா? நாளைக்கு என் தலையை மேஜையில வச்சா அதையும் தேய்ப்பியா?"

யாரும் சிரிக்கவில்லை. நான்தான் கேட்டேன், "லாண்டரி முதலாளியம்மா எப்படி வாங்கினா? நீ வந்துட்டது அவளுக்குத் தெரியும்ல?"

"தெரியும். துணி வந்துகிட்டே இருந்தா மனசும் ஒரு நாள் ஒட்டிக்கும்னு நினைச்சாங்களாம். ஒரு நாள் கேட்டேன். நல்லதுக்குத்தாம்மா பண்றேன்னு சொன்னாங்க."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றாங்க," என்றாள் அண்ணி. "நல்லது பண்றவங்க யாரு வீட்டு ஹால்லயாவது படுக்கை போட்டுக் குடுத்தாங்களா?" என் பக்கம் திரும்பினாள். "நான் ஒண்ணு சொல்லிடறேங்க, தப்பா நினைக்காதீங்க. நான் அவ்வளவு நல்லவ எல்லாம் இல்ல. ஒரு வருஷமா என் வீட்டுல நான் சத்தமா ஒரு சண்டை போடல. புருஷன்கிட்ட கோபம்னா கக்கூசுக்குள்ள போய் நின்னு கோபப்பட்டுட்டு வரேன். வருஷம் முடியப்போகுதேன்னு காலண்டரைப் பாத்துப் பாத்து ஓட்டினேன். இப்ப என்ன, முதல்ல இருந்தா?"

"கேஸ் தள்ளிட்டா அப்படித்தான்."

"இன்னொரு வருஷமா?"

 மடிப்பு, மடித்த சீருடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஓரம் தட்டினாள். "முடியாதுன்னா சொல்லுங்க அண்ணி. வேற இடம் பாத்துக்கறேன்."

"எங்க பாப்ப? அந்த வீட்டுலயா?" அண்ணியின் குரல் உடைந்துவிட்டது. "உன்னைப் போன்னு சொன்னேனா? அசந்துபோச்சுடின்னு சொல்றேன். அதைக்கூடச் சொல்லக் கூடாதா?"

"சொல்லுங்க அண்ணி. சொல்றதுதான் நல்லது."

அப்புறம் நான் கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "நான் படிச்சுக் காட்டினேனே, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"'வேறு எந்த வகையிலோ'ன்னு படிச்சீங்க. தொண்டையில மாட்டினமாதிரி இருந்துச்சு. இதைப் போய்த் தொடர்புன்னு யாரு சொல்லுவான்னு நினைச்சேன். பின்னால ஆள் வேற நின்னாங்க. நீங்களும் வேகமா படிச்சீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பேன், ஒரு வரி புரியாவிட்டாலும் கையெழுத்துப் போடாதே என்று. சொன்ன வாய்தான் ரயில் மாதிரி ஓடியிருக்கிறது. அன்றைக்குத் தூங்குவதற்கு முன் அந்த வரியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போய் முதல் வேலையாக அழித்தேன். அழித்து என்ன, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் பெண் அவளை என் பெஞ்சில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். "தெரியாதுன்னு சொல்லுங்க, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு முந்நூறு துணி. யாருதுன்னு பாக்கறதில்ல. நம்பற மாதிரிதான் இருக்கு."

"தெரியாதுன்னு."

"ஆமா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

நானும் சேர்ந்துகொண்டேன். பொய் சொல்லு என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். இன்னொரு வருஷம் அந்த ஹாலில் அவள் எப்படிப் படுப்பாள்? மடிப்பு தலையை ஆட்டினாள். பாடத்தைக் கேட்டுக்கொண்டே என் மேஜைத் துணியை நீவிக்கொண்டிருந்தாள்.

விசாரணை அன்று காலையில் அண்ணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். கையில் ஒரு டப்பா, அதில் அவித்த முட்டையும் ரொட்டியும். கோர்ட் வராந்தாவில் நிற்க வைத்து, "முழுங்கு, முழுங்கிட்டுப் போ" என்று ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். டிரைவர் எதிர்த்தூணில் சாய்ந்து நின்றான். ஒடிசலான ஆள், காதோரம் நரை. வெளுத்த நீலத்தில் அவன் போட்டிருந்த சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. கையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அது யார் தேய்த்தது என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சட்டையைப் பார்க்கப் பார்க்கக் கொதித்தது. அவன் முகத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. ஜெயிக்க வந்தவன் முகம் இல்லை. இவள் வந்துவிடுவாள், அழைத்துப் போகலாம் என்று நிஜமாகவே நம்பி வந்தவன் முகம்.

ஜட்ஜுக்கு அன்று ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே காகிதத்தைப் புரட்டினார். அவன் வக்கீல் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அப்புறம் டிரைவரை எழுந்து நிற்கச் சொல்லி, சட்டையைக் காட்டி மடிப்பிடம் கேட்டார். "இது நீங்க தேய்ச்சதுதானே?"

"ஆமா."

"இவரோடதுன்னு தெரிஞ்சுதான் தேய்ச்சீங்களா?"

வக்கீல் பெண் என் பக்கம் பார்த்தாள்.  மடிப்பு கூண்டின் கட்டையில் கையை வைத்து, அதில் இல்லாத சுருக்கத்தை நீவினாள்.

"முத வாரம் தெரியாது. கை பாட்டுக்குத் தேய்ச்சுடுச்சு. ரெண்டாவது வாரத்துல இருந்து தெரியும்."

பக்கத்தில் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு," என்றாள்.

ஜட்ஜ் நிமிர்ந்தார். "அப்ப எந்தத் தொடர்பும் இல்லைன்னு ஏம்மா எழுதிக் குடுத்தீங்க?"

"தொடர்புன்னு நான் நினைக்கல சார். மேஜைக்கு வர்ற துணியைத் தேய்க்கணும். அது என் வேலை."

"வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம்." கட்டையை இன்னொரு தரம் நீவினாள். "நான் பாக்கெட்டைப் பாத்துகிட்டு இருந்தேன் சார்."

"என்ன?"

"தண்ணியில போடறதுக்கு முன்ன பாக்கெட்டைப் பாக்கணும். எல்லாருதையும் பாப்போம். அவருதையும் பாத்தேன். ஒவ்வொரு வாரமும் பாத்தேன். ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்னு நினைச்சேன். வீட்டுக்கு வான்னு வேணாம். குழந்தைக்குக் காய்ச்சல் தேவலையான்னு ஒரு வரி. வாயால பேச வரலன்னாலும் கையால எழுத வரும்ல? டிக்கெட் துண்டு இருந்துச்சு. பேனா மூடி இருந்துச்சு. ஒரு தடவை மிட்டாய்க் காகிதம். நாப்பத்தெட்டு வாரம் பாத்தேன் சார். அதுக்கு மேல முடியல. வருஷம் முடிஞ்சதும் மனுப் போட்டுட்டேன்."

டிரைவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வக்கீல் தொண்டையைச் செருமினார். "மனைவியோட அன்பு இன்னும் இருக்குன்னுதான் இது காட்டுது" என்று ஆரம்பித்தார். ஜட்ஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்பு இருக்கலாம். ஒண்ணா இருந்தாங்களாங்கறதுதான் கேள்வி."

"அதான் ரசீது இருக்கே சார்," என்றாள் மடிப்பு, களைத்த குரலில், தெரிந்த விஷயத்தைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. "நான் அந்த வீட்ல இருந்தப்ப ரசீதே கிடையாது. பன்னண்டு வருஷம் நானேதான் மூட்டையைத் தூக்கிட்டுப் போனேன், நானேதான் தூக்கிட்டு வந்தேன். வட்டம் போட்ட எண்ணுக்கு ரசீது எழுத மாட்டாங்க. அவரே கவுன்டர்ல வந்து குடுத்தாத்தான் எழுதுவாங்க. வீட்ல நான் இருந்தா அவரு எதுக்கு சார் மழையில துணியைத் தூக்கிட்டு வந்து கவுன்டர்ல நிக்கணும்?"

ஜட்ஜ் ரசீதுக் கற்றையை இழுத்து முதல் தாளின் தேதியைப் பார்த்தார். மனுவில் அவள் வீட்டை விட்டு வந்த தேதியைப் பார்த்தார். ஒன்பது நாள் வித்தியாசம். "இதுக்கு முன்ன தேதியில ஒரு ரசீதாவது இருக்கா?" என்று அவன் வக்கீலைக் கேட்டார். அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் இல்லை என்று தலையை அசைத்தான். அதைக்கூட வாயால் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அண்ணி அவள் தோளில் ஓர் அடி போட்டாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல, பெருசா பேச மட்டும் தெரியுது!" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். மடிப்பு அழவில்லை. பசிக்கிறது என்றாள். மிச்சமிருந்த முட்டையைப் படிக்கட்டில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. கேட்க வந்தது, வராமல் போயிற்று. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. பிரிந்திருந்தது உண்மை என்று எழுதி விவாகரத்துக் கொடுத்துவிட்டார்கள். பெரிய சந்தோஷம் ஒன்றும் யாருக்கும் இல்லை. அண்ணன் ஒரு நாள் முழுக்கத் தூங்கினார். அண்ணி அந்த வாரமே புருஷனோடு சத்தமாக ஒரு சண்டை போட்டாள், எனக்கு மாடிவரை கேட்டது. மடிப்பு பக்கத்துக் கட்டடத்தில் ஓர் அறை பார்த்துவிட்டாள். ஜன்னல் சின்னது, கதவு சரியாகச் சாத்தாது, ஆனால் அவளுடையது.

தீர்ப்பு வந்த அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் என் கடைத் திரையைத் துவைக்கக் கொடுக்க லாண்டரிக்குப் போனேன். நாலைந்து பேர் வரிசையில். கவுன்டரில் முதலாளியம்மா. தபால் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஓர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் நின்ற ஆளின் முதுகைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டிரைவர், கையில் ஒரு துணிப்பை.

முதலாளியம்மா பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். வட்டம். சங்கடத்தோடு அவனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "இது... இனிமே இந்த எண்ணுல வாங்க முடியாதேப்பா," என்றாள். பிறகு உள்ளே குரல் கொடுத்தாள். "இங்க கொஞ்சம் வாயேன்."

திரையை விலக்கிக்கொண்டு மடிப்பு வந்தாள். முகமெல்லாம் ஆவி வேர்வை. அவனைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். முதலாளியம்மா ஒதுங்கி நின்றாள். மடிப்பு ஈரக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டுப் பதிவேட்டை இழுத்துப் புதுப் பக்கத்தைத் திறந்தாள். பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"புது எண் போடணும். பேர் சொல்லுங்க."

அவன் நின்றான். கடையில் ஆவிச் சத்தம் மட்டும்தான். பின்னால் ஒருத்தர் நேரமாகிறது என்பதுபோல் செருமினார். அவன் மெல்ல ஸ்டூல் பக்கம் திரும்பினான். அவன் வாய் ஒரு பழக்கத்தில் திறந்தது. 

"அம்மாகிட்ட சொல்லு..." என்றான்.

தபால் பென்சிலைக் கணக்கு நோட்டின் நடுவில் வைத்தாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. பெரிய மனுஷி மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா."

சொல்லிவிட்டு நோட்டில் குனிந்துகொண்டாள்.

அவன் திரும்பி மடிப்பைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு மேலாயிற்று, அந்த முகத்தைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை பேசி. ஒரு முறை செருமினான். பிறகு தன் பெயரைச் சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

எழுதிக்கொண்டாள். பக்கத்தில் ஓர் எண்ணைப் போட்டாள். வட்டம் போடவில்லை. ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க."

அவன் வாங்கிக்கொண்டு நகரப் பார்த்தான். அவள் துணிப்பையைத் திரும்ப அவன் பக்கமே தள்ளினாள்.

"பாக்கெட்டை எல்லாம் நீங்களே பாத்து எடுத்துட்டுக் குடுத்துடுங்க. நான் இனிமே பாக்கறதில்ல."

அவன் வரிசையிலிருந்து விலகி, ஓரமாக நின்று, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்கெட்டில் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். மடிப்பு என் கையிலிருந்த திரையை வாங்கிக்கொண்டாள்.